முறை வைத்து எழுதிய சீலை

பாட்டையும் சித்திரத்தையும் ஒரே வினையால் சுட்டிய மொழி நம்முடையது. ஏட்டில் எழுதுவதும் எழுதுதலே. சுவரிலும் துணியிலும் எழுதுவதும் எழுதுதலே. பாரசீகத்திலிருந்து வந்து வழங்கும் ‘கலம்காரி’ என்னும் சொல்லும் இதே பொருளையே தருகிறது. கலம் என்றால் எழுதுகோல். காரி என்றால் வேலை. எழுதுகோல் கொண்டு துணியில் கதை எழுதும் அத்தொழில் நம் அரியலூர் மாவட்டத்திலேயே, கொள்ளிடத்தின் வடகரையில், கருப்பூரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்திருக்கிறது. ஆயினும் பாட்டெழுதும் நம்மில் பலர் அதனைக் கேள்வியால் அறிந்ததோடு சரி.

நம் வட்டத்தின் அமர்வுகளில் ஒருவர் ஈற்றடி கொடுக்க மற்றொருவர் வெண்பா முடிப்பதுண்டு. ஒருவர் தொடங்கிய கவிதையை அடுத்தவர் வாங்கி வளர்ப்பதும் உண்டு. அத்தகைய மாலைகளில், முடிந்த பாட்டு யாருடையது என்ற வழக்கு எழாமல் கலைந்த நாள் குறைவு. பத்தாண்டு நிறைவு மலருக்கு எழுத வேண்டும் என்றவுடன் எனக்கு அவ்வழக்கே நினைவுக்கு வந்தது. கருப்பூர்ச் சீலை அதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. அது கவிஞர்களுக்கு உவப்பான விடையாக இருக்குமா என்பது வேறு செய்தி.

கருப்பூர் என்றால் எங்கே என்பார்க்கு: உடையார்பாளையம் வட்டத்தில். 1995 வரை அது திருச்சிராப்பள்ளி மாவட்டம், பின்னர் பெரம்பலூர் மாவட்டம், 2001இல் அரியலூர், 2002இல் மீண்டும் பெரம்பலூர், 2007 நவம்பர் முதல் மறுபடியும் அரியலூர். மாவட்டத்தின் பெயர் இத்தனை முறை மாறியபோதும் உடையார்பாளையம் என்ற பெயர் அசையவில்லை. ஆற்றுக்குத் தென்கரையில், இன்றைய தஞ்சை மாவட்டத்துத் திருவிடைமருதூர் வட்டத்தில், சிக்கல்நாயக்கன்பேட்டையும் திருப்பனந்தாளும் இத்தொழிலுக்கு உரிய மற்ற ஊர்கள். நடுவில் ஓடும் ஆறு மாவட்ட எல்லையாக இருக்கலாம். தொழிலுக்கு அது எல்லையன்று. நாயக்க மன்னர்களின் ஆதரவில், பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கலை இங்கு உருப்பெற்றது என்பது பதிவாகியுள்ள வரலாறு. ஆயினும் சித்திரம் எழுதிய துணி தமிழ்நாட்டுக்கு நாயக்கர் கொடையென்று கொள்வதற்கில்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை மாதவி ஆடிய அரங்கைச் சொல்லுமிடத்து அதன்மேல் கட்டிய ஓவிய விதானத்தையும் சொல்கிறது.

உடையார்பாளையத்தின் இசையை நாம் அறிவோம். கனம் கிருஷ்ணையர் அச்சமஸ்தானத்து வித்துவானாக இருந்ததும், உ. வே. சாமிநாதையரின் தந்தையார் அவரிடம் இசை பயின்றதும், அரியலூரிலும் குன்னத்திலும் ஐயரவர்கள் இளமையில் தமிழ் கற்றதும் ‘என் சரித்திரம்’ படித்தவர்க்கெல்லாம் மனப்பாடம். பாடியவர் பெயர் நின்றது. கற்பித்தவர் பெயர் நின்றது. உணவிட்டவர் பெயரும் நின்றது. அதே சமஸ்தானத்து எல்லையில் தேர்ச்சீலை எழுதியவர்க்கு அப்படியொரு சரித்திரக்காரர் வாய்க்கவில்லை.

இனிச் சீலைக்கு வருவோம். அது உருவாகும் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வழக்கிற்கு விடை அம்முறையிலேதான் இருக்கிறது.

முதலில் காடாத் துணியைக் கஞ்சி போக அலசி, கடுக்காய் நீரும் பாலும் கலந்த கலவையில் தோய்த்து உலர்த்துவர். பாலின் கொழுப்பு மை பரவாமல் காக்கும். கடுக்காயின் துவர்ப்பு கறுப்பைப் பிடித்துவைக்கும். புளியங்குச்சியைச் சுட்டெடுத்த கரியால் மேலோட்டமாக உருவங்களைக் குறித்துக்கொள்வர். மூங்கிலிலும் தென்னையிலும் சீவிய குச்சிதான் எழுதுகோல். அதன் இடையில் துணியையோ கம்பளி மயிரையோ பொதிந்து நூலால் இறுகச் சுற்றியிருப்பர். அப்பொதி மையை உறிஞ்சி வைத்திருக்கும். விரலால் மெல்ல அழுத்தினால் முனை வழியே இறங்கும். துருவேறிய இரும்புத் துண்டுகளை வெல்லம் கரைத்த நீரில் நாட்கணக்கில் ஊறவிட்டுப் புளிக்கச் செய்து வடித்த காடிநீரே கறுப்பு மை. குடத்திலிருக்கும்போது அது கறுப்பாக இராது. கடுக்காய் ஏறிய துணியைத் தொட்டவுடன் கறுக்கும்.

கறுத்தபின் அழிக்க முடியாது. கரிக்கோட்டைத் தட்டினால் போய்விடும். காடிக்கோடு துணியின் ஆயுள் வரை நிற்கும். ஆகவே கோடு எழுதுவது குடும்பத்தின் தேர்ந்த கைக்கே உரியது. வண்ணம் புகாத கோட்டுச் சித்திரத்தைச் சங்ககாலத்தார் ‘புனையா ஓவியம்’ என்று தனிப்பெயரிட்டு வழங்கினர். அப்பெயரைக் காணுந்தோறும், கோடிடும் கையும் புனையும் கையும் வேறு வேறாக இருக்கலாம் என்பதை அவர்கள் அறிந்தே பெயரிட்டார்கள் போலும் என்று எனக்குத் தோன்றும்.

அடுத்த முறை நிறைப்பவருடையது. சிவப்பு வேண்டிய இடங்களிலெல்லாம் படிகார நீரைத் தடவ வேண்டும். பெரும்பாலும் பெண்களும் இளையோரும் செய்யும் வேலை இது. எளிய வேலையென்று எண்ணுவோர் படிகாரக் கரைசலுக்கு நிறமே இல்லை என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். எங்கே தடவினோம், எங்கே விட்டோம் என்று தெரிவதற்காகவே அதில் நிலைக்காத ஏதேனும் ஒரு சாயலைக் கலந்துகொள்வதுண்டு. தடவி, உலர்த்தி, சில நாள் கிடத்தி, ஓடும் நீரில் அலசி, அதன்பின் சாயவேர் இட்ட கொப்பரையில் துணி வேகும்போதுதான் படிகாரம் பட்ட இடமெல்லாம் சிவக்கும். படாத இடத்தில் ஏறிய மங்கல் நிறம் சாணநீரிலும் வெயிலிலும் மாறி மாறிக் கிடந்து வெளுத்துப் போகும். கோட்டுக்கு வெளியே ஒரு துளி சிந்தியிருந்தால் அதுவும் சிவந்துதான் வரும். தன் கையின் பிழையை நிறைத்தவர் காண்பது, வேலை தன்னைவிட்டு நீங்கி வேறொருவரின் கொப்பரையில் வெந்த பிறகே.

கொப்பரைக்காரர் மூன்றாம் கை. நெருப்பு மிகுந்தால் சிவப்பு கறுத்துவிடும், குறைந்தால் வெளிறிவிடும். அதன்பின் மீண்டும் பால், பிறகு மஞ்சள், நீலம் வேண்டுமாயின் அவுரி. நீலம் ஏறக்கூடாத இடங்களை மெழுகால் மூட வேண்டும் என்பதால் மெழுகு தீட்டவும் ஒரு கை வரும். ஒவ்வொரு முறைக்கும் இடையே துணி வெயிலில் காய்கிறது, ஆற்றில் அலசப்படுகிறது. அலசுபவரும் அதன் ஆசிரியருள் ஒருவரே. ஓடாத நீரில் அலசினால் கரைந்த காரம் நகராமல் நின்று பக்கத்திலிருக்கும் வெள்ளையைக் கெடுத்துவிடும்.

இவ்வரிசையில் யாரும் முன்னவர் செய்ததை மாற்ற இயலாது. ஏற்றுக்கொண்டு மேலே செல்லவே இயலும். சாயத்தின் இயல்பே அவ்வாறு விதித்துவிட்டது. கோடு எழுதியவர் அனுமனின் வாலைச் சற்று நீட்டிவிட்டால் நிறைப்பவர் அந்நீளத்துக்கு நிறம் தேட வேண்டும். ‘திருத்தித் தருகிறேன்’ என்று கையெழுத்துப் படியைத் திரும்பப் பெறும் நமக்கு இந்நிலை புதிது.

ஒருவர் எண்ணம் மற்றவர்க்குச் சொல்லப்படாமலே விளங்குவது எவ்வாறு என்று கேட்கலாம். கதை முன்னரே எல்லார்க்கும் தெரிந்திருப்பதால்தான் அது கூடுகிறது. கதைச்சீலையில் கதை வரிசை வரிசையாகப் பட்டைகளில் செல்லும். தூணோ மரமோ ஒரு காட்சியை மறு காட்சியினின்று பிரிக்கும். நடுவில் பட்டாபிடேகம் பெரிதாக அமர்ந்திருக்கும். காளத்தி மரபில் தெய்வங்களுக்கு நீலம், பெண்களுக்கு மஞ்சள், அரக்கர்க்குச் சிவப்பும் பச்சையும் என்று ஒரு வழக்கம் உண்டு. இப்படியொரு வழக்கம் கையிலிருந்தால் நிறைப்பவர் ‘இவர் யார்’ என்று கேட்க வேண்டியதில்லை; அவர் ஆக்குவதைக் கொப்பரைக்காரர் குலைக்க வேண்டியதுமில்லை. பொதுக்கதை இல்லாத இடத்தில் பல கைகள் கூடினால் என்ன நேரும் என்பதற்கு 1925ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரத்துச் சர்ரியலிசக் குழுவினர் ஆடிய விளையாட்டு சான்று. ஒருவர் தலையை வரைந்து தாளை மடித்துவிடுவார். அடுத்தவர் அதைப் பாராமலே உடலை வரைவார். மூன்றாமவர் காலை வரைவார். விரித்தால் வியப்பாகத்தான் இருக்கும். ஆனால் வியப்பு ஒரு கணத்துக்கு மேல் நில்லாது. அம்முறையில் கதை சொல்ல வராது என்பது என் துணிபு. அங்கே பிறர் வேலை மறைக்கப்பட்டது. கருப்பூரில் பிறர் வேலை கண்முன் இருக்கிறது. மறைந்திருப்பது தன் வேலையின் நிறமே.

ஜப்பானியரின் ‘ரெங்கா’ இதற்கு நேர்மாறான இன்னொரு வழி. 1488இல் சோகி, சோஹாக்கு, சோச்சோ என்னும் மூவர் மினாசே என்ற இடத்தை முன்னிட்டு நூறு கண்ணிகளை முறை வைத்துப் பாடினர். இன்றும் அவ்வடிவத்தின் உச்சமென்று அதனைப் போற்றுவர். ஒவ்வொரு கண்ணியும் தனக்கு முந்தியதோடு மட்டும் பொருந்த வேண்டும். அதற்கும் முந்தியதை விட்டு விலகிச் செல்ல வேண்டும். ஆகவே கதை ஓரிடத்தில் நில்லாது. பருவமும் இடமும் உணர்வும் மாறிக்கொண்டே போகும். நம் அமர்வுகளில் ஒருவர் தொடங்க மற்றவர் வளர்க்கும் கவிதை பெரும்பாலும் இவ்வழியில்தான் செல்கிறது. அறிந்து செல்வதில்லை என்பது ஒன்றே வேறுபாடு.

தமிழில் இருவர் பாட்டுக்கு இரட்டைப் புலவர்களை எல்லாரும் காட்டுவர். முதுசூரியர், இளஞ்சூரியர் என்னும் அவ்விருவருள் ஒருவர்க்குக் கண்ணில்லை, ஒருவர்க்குக் காலில்லை. ஒருவரை ஒருவர் சுமந்தும் வழிகாட்டியும் ஊரூராகச் சென்றனர். ஒருவர் முன்னிரண்டடி பாட மற்றவர் பின்னிரண்டடி பாடி முடித்ததாகச் செய்தி. தில்லைக் கலம்பகத்தைப் படிப்பவர் எந்த அடி எவருடையது என்று தேடுவதில்லை. ஈழத்தில் மஹாகவியும் முருகையனும் 1960களில் சேர்ந்து ‘தகனம்’ என்னும் காவியத்தை எழுதியபோதும் இரு பெயர்களும் ஒன்றாகவே நின்றன. இரண்டு பேராக இருக்கும்வரை பெயர் தப்பிவிடுகிறது. ஐந்து பேர், ஆறு பேர் என்று கைகள் பெருகும்போதுதான் பெயர் கரைகிறது. கொப்பரையடியில் நிற்பவரின் பெயர் முதலில் போகும்.

இதற்குக் கோடாலிக்கருப்பூர்ச் சேலையைவிடச் சிறந்த சான்று இல்லை. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தார்க்கென்றே நெய்யப்பட்ட சேலை அது. மூன்று தொழில்கள் அதில் முறைவைத்துக் கூடின. நெசவாளர் மெல்லிய பருத்தி நூலிடையே சரிகையைக் கையால் கோத்துப் புட்டாக்களை நெய்வார். பின்னர் எழுதுபவர் அச்சரிகைப் பூக்களின் ஓரத்தை ஒட்டி மெழுகால் கோடிட்டு உருவம் கூட்டுவார். பிறகு சாயக்காரர் சிவப்பையும் கருமையையும் ஏற்றுவார். மெழுகு நின்ற இடம் வெண்கோடாக மிஞ்சும். சாயம் சரிகையின் மேலும் படிவதால் பொன் செம்பின் ஒளியைப் பெறும். செல்வத்தைக் காட்டுவதற்காகச் சரிகை நெய்வது உலக வழக்கம். நெய்த சரிகையைச் சாயத்தால் மூடி அதன் ஒளியை உள்ளிருந்து வரச்செய்தது இவ்வூரார் கண்ட வழி. சரிகை எங்கே விழ வேண்டும் என்பதை, மெழுகுக்காரர் பின்னால் செய்யப்போவதை எண்ணித்தான் நெசவாளர் தறியில் முடிவு செய்ய வேண்டும். முதல் கை கடைசிக் கைக்காக உழைத்தது.

1855இல் தஞ்சையின் கடைசி மன்னர் சிவாஜி ஆண்வாரிசின்றி இறந்தார். கும்பினியார் அரசைத் தமதாக்கிக்கொண்டனர். வாங்குவார் இல்லாமற் போகவே, அந்நூற்றாண்டு முடிவதற்குள் அச்சேலையும் ஓய்ந்தது. எஞ்சியவை அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவற்றை அடையாளம் காட்டும் பெயர் ஊரின் பெயர்தான். நெய்தவர், எழுதியவர், சாயமிட்டவர் ஆகிய மூவரையும் அவ்வொரு சொல்லே சுமக்கிறது.

பல கைகள் கூடினால் பெயர் கரைவது தவிர்க்க முடியாதது என்று நாம் ஆறுதல் கொள்ளலாகாது. மகாபாரதத்தைப் பாரசீகத்தில் ஆக்குமாறு அக்பர் 1582இல் பணித்தார். ‘ரஸ்ம்நாமா’ எனப்பட்ட அந்நூலுக்கு ஓவியச்சாலையில் படங்கள் எழுதப்பட்டபோது, ஒரு படத்துக்குக் கோடு இட்டவர் ஒருவர், வண்ணம் தீட்டியவர் வேறொருவர், சில படங்களில் முகம் மட்டும் எழுதியவர் மூன்றாமவர். முறை கருப்பூருடையது போன்றதே. ஆனால் அங்கே எழுத்தர் ஒருவர் படத்தின் அடியோரத்தில் சிறிய எழுத்தில் குறித்து வைத்தார்: கோடு இன்னார், வண்ணம் இன்னார் என்று. அதனால்தான் பல்லக்குத் தூக்குவோர் ஒருவரின் மகனான தஸ்வந்த், அந்நூலின் பல படங்களுக்குக் கோடிட்டவர் என்பதை இன்று நாம் அறிகிறோம். அரண்மனை எழுத்தருக்கு ஓவியர்மேல் கருணை இருந்தது என்று நான் கருதவில்லை. கணக்குக்காகவே எழுதியிருப்பார். கணக்குக்காக எழுதியது வரலாறாயிற்று.

கருப்பூர்ச் சீலை அருங்காட்சியகத்துக்காக எழுதப்பட்டதன்று. தேரைச் சுற்றித் தொங்கும் உருளையான தொம்பை, குடைச்சீலை, தேர்ச்சீலை, மேலே கட்டும் விதானம் என்று கோயிலின் பயன்பாட்டுக்கு உரியது. திருவிழாவில் வெயிலும் மழையும் எண்ணெய்ப் புகையும் படும். கிழிந்தால் புதிது வரும். பழையதைப் போற்றும் வழக்கம் இல்லை; போற்ற வேண்டும் என்று எழுதியவர்களும் எதிர்பார்க்கவில்லை. இதனால் தொழில் நின்றது; துணி நிற்கவில்லை. ஐரோப்பிய வேதியியலார் 1868-69இல் சாயவேரின் செம்மைக்குரிய பொருளை நிலக்கரித் தாரிலிருந்து செயற்கையாக ஆக்கியபின், சோழமண்டலக் கரையில் வேர் தோண்டுவோரின் முறையும் வரிசையிலிருந்து நீங்கிற்று. அச்சுத்துணியும் பின்னாளில் மின்பொறி அச்சும் வந்து மற்ற முறைகளையும் ஒவ்வொன்றாக விழுங்கின. இன்று தேர்த்திருவிழாவுக்குத் தொங்கல் வாங்கும் கோயில்களில் பல, விலை குறைந்ததையே நாடுகின்றன. குறை கூறுவதற்கில்லை, ஆயினும் ஒரு முறை அறுந்தால் மற்றவையும் நில்லா என்பதையும் மறப்பதற்கில்லை. கோடு எழுத ஒருவர் எஞ்சியிருந்தாலும் வேகவைக்கத் தெரிந்தவர் இல்லையேல் சீலை இல்லை.

2021இல் ‘கருப்பூர் கலம்காரி ஓவியங்கள்’ புவிசார் குறியீடு பெற்றன. மகிழ வேண்டிய செய்தி. குறியீட்டின் இயல்புப்படி அதில் காக்கப்படுவது ஊரின் பெயர். அஃது இருக்க வேண்டியதே. அப்பெயருக்குள்ளே இருக்கும் கைகளைக் குறித்து வைப்பது சட்டத்தின் வேலையன்று.

அது யார் வேலை என்று யோசிக்கும்போது, சீலையின் இன்னொரு முறையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கதைச்சீலைகளில் பட்டைகளுக்கு மேலே சிறு சிறு வாசகங்கள் எழுதப்படுவதுண்டு: இன்னார் வனம் புகுந்தது, இன்னார் தூது போனது என்று. லண்டன் அருங்காட்சியகங்களிலுள்ள பழைய தென்னாட்டுச் சீலைகளில் தமிழிலும் தெலுங்கிலும் இத்தகைய வாசகங்கள் உள்ளன. பேச்சு வழக்கும் ஏட்டு வழக்கும் விரவி, இலக்கணப் புலவர் முகஞ்சுளிக்கும் எழுத்துக்கூட்டலோடு வருபவை அவை. எழுதியவர் காதில் கதை எவ்வாறு ஒலித்ததோ அவ்வாறே எழுதியிருக்கிறார். கம்பரைப் படித்து எழுதவில்லை. கூத்திலும் பாகவதர் வாயிலும் கேட்டு எழுதியது போலிருக்கிறது. சில சொற்களை வாய்விட்டுப் படித்தால்தான் பொருள் விளங்கும். ஓவிய அறிஞர் இவ்வெழுத்துகளைக் காட்சிக்கு அடையாளம் என்ற அளவில் பார்த்து அப்பால் செல்வர். அவை இரண்டு மூன்று நூற்றாண்டுத் தமிழ் உரைநடையின் துண்டுகள் என்று காண்பதற்குத் தமிழ் படித்த கண் வேண்டும்.

நம் இரு மாவட்டங்களிலும் கோயில் களஞ்சியங்களில் பழைய தொம்பையும் தேர்ச்சீலையும் மடித்துக் கிடக்குமாயின், அவற்றை விரித்துப் பார்க்கும் வாய்ப்பு நம் உறுப்பினருள் ஆசிரியர்களாக இருப்போர்க்கு எளிதில் கிட்டும். வாசகம் இருந்தால் உள்ளது உள்ளவாறே, பிழை திருத்தாமல், படியெடுக்க வேண்டும். கருப்பூரில் இன்று எழுதுவோரிடம் சென்று, புதிதாக ஒரு சீலை முடியும்போது கோடு யார், நிறைத்தது யார், வேகவைத்தது யார், அலசியது யார் என்று கேட்டு, அவர்கள் இசைந்தால் சீலையின் கீழோரத்திலேயே எழுதச் சொல்ல வேண்டும். அக்பரின் எழுத்தருக்கு ஒரு வரி போதுமானதாக இருந்தது. இங்கு இரண்டு வரி ஆகும். கொப்பரையும் ஆறும் அங்கே இல்லை.